பனிக்கட்டியும் தூக்குக்குண்டும்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் தொழுகைக்கென ஒரு சிற்றறை ஒதுக்கியிருந்த அவர், தரையில் ஓடு பதிக்குமுன் கிப்லாவின் திசையைக் குறித்துவிட வேண்டுமென்று நம்மையும் வேறு சிலரையும் அழைத்திருந்தார். குறித்துத் தருவது ஐந்து நிமிட வேலை என்று எண்ணிச் சென்றோம். அரை நாள் ஆயிற்று, முடிவும் ஏற்படவில்லை.

வந்திருந்தவர்களில் மூத்தவரான ஹஜ்ரத் ஒருவர், சூரியன் மறையும் பக்கமே கிப்லா என்று மேற்கு நோக்கி ஒரு கோடு போடச் சொன்னார். பொறியியல் படிக்கும் நண்பரின் மகன், உலக வரைபடத்தில் சென்னையையும் மக்காவையும் அளவுகோலால் இணைத்துக் காட்டி, மேற்கிலிருந்து வடக்கே 12 பாகை சாய வேண்டும் என்றார். கைப்பேசியைத் திறந்த வேறொருவருக்கு அது 18 பாகை என்று சொல்லியது. சுண்ணக்கட்டியால் மூன்று கோடுகள் விழுந்தன. "நாற்பது வருடமாக மேற்கே பார்த்துத்தான் தொழுகிறோம். இதற்கெல்லாம் கணக்கு எதற்குத் தம்பி? அல்லாஹ் கொடுத்த புத்தி போதாதா?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

சுவரோரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி இதைக் கேட்டுச் சிரித்தார். நூல் ஒன்று போதும், நேர் கோணல் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. மாணவர் விடவில்லை. "அந்த நூலும் எல்லா ஊரிலும் நேராகத் தொங்காது அண்ணே. பக்கத்தில் பெரிய மலை இருந்தால் சாயும்" என்றார். மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. முப்பது ஆண்டுகளாகத் தம்மைக் கைவிடாத ஒரே சாட்சியைப் பற்றி இப்படியொரு பேச்சை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஹஜ்ரத் எழுப்பிய வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இயற்கையின் புதிர்களை விடுவிக்க, கல்லாதார்க்கும் கற்றார்க்கும் பொதுவாக வாய்த்த அறிவு மட்டும் போதுமா? இவ்வறிவைக் குறிக்கத் தமிழில் நல்ல சொல் அமையாதது ஒரு குறையே. 'பொது அறிவு' என்னும் தொடரைப் போட்டித் தேர்வுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. 'பொதுப்புத்தி' என்பதில் இகழ்ச்சியின் சாயல் ஏறிவிட்டது. ஆகவே 'இயல்பறிவு' என்றே இங்கு வழங்குவோம். அரபு மெய்யியலில் 'அல்ஹிஸ்ஸுல் முஷ்தரக்' என்றொரு தொடர் உண்டு. பொதுப்புலன் என்பது அதன் நேர்ப்பொருள். ஐம்பொறிகளும் தருவனவற்றை ஒன்றுசேர்க்கும் அகப்புலனை இப்னு ஸீனா இப்பெயரால் சுட்டினார். விழும் மழைத்துளி நமக்கு ஒரு கோடாகத் தெரிவதும், விரைந்து சுழலும் புள்ளி வட்டமாகத் தெரிவதும் அப்புலனின் வேலை என்று அவர் விளக்கினார். கொள்ளிக்கட்டையைச் சுழற்றி விளையாடிய எவரும் இதை அறிவர். அங்கே வட்டம் இல்லை, ஒரு நெருப்புப் பொறிதான் உண்டு என்று தெரிந்த பின்னரும் கண்ணுக்கு வட்டம் மறைவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இதே இப்னு ஸீனாவும் அல்பிரூனியும் இளமையில் நிகழ்த்திய கடிதப் போக்குவரத்து ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு பேரறிஞர்களும் அப்போது முப்பது வயதைத் தாண்டாதவர்கள். அல்பிரூனி பதினெட்டு வினாக்களை எழுதி அனுப்பினார். பத்து வினாக்கள் அரிஸ்டாட்டிலின் வானியல் கொள்கைகளைப் பற்றியவை. எஞ்சிய எட்டும் இயற்கைப் பொருள்களைப் பற்றியவை. அரிஸ்டாட்டில் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க அல்பிரூனி ஆயத்தமாக இல்லை. இப்னு ஸீனா விடையெழுதினார், அல்பிரூனி மறுத்தார், இப்னு ஸீனாவின் மாணவர் மஃஸூமி ஆசிரியருக்காக மீண்டும் எழுதினார். மறுப்பின் நடையில் சிறிது காரம் உண்டு. இன்று அதைப் படிக்கும்போது அந்தக் காரமே நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

வினாக்களுள் இரண்டு, குழந்தைகள் கேட்பன போன்றவை. பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது? பொருள்கள் வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்குமாயின், நீர் உறையும்போது அது நிரம்பிய குப்பி ஏன் உடைகிறது?

இயல்பறிவின்படி இரண்டுமே நடக்கக்கூடாதவை. குளிர்ந்தால் சுருங்க வேண்டும்; சுருங்கினால் செறிவு மிக வேண்டும்; செறிவு மிகுந்தால் மூழ்க வேண்டும். நெய் உறைந்தால் உருகிய நெய்யில் மூழ்குகிறது, மெழுகும் அப்படியே. பனிக்கட்டி மட்டும் மேலே நிற்கிறது.

இப்னு ஸீனாவின் விடைகள் அறிவுக்கு மிகவும் பொருந்தியவை. உறையும்போது நீர் தன் உள்ளிடங்களில் காற்றின் கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அக்காற்றே பனிக்கட்டியை மூழ்க விடாமல் தாங்குகிறது என்றார். குப்பிக்கும் விடை வைத்திருந்தார். குளிரால் நீர் சுருங்கவே உள்ளே வெற்றிடம் தோன்றப் பார்க்கிறது, வெற்றிடம் இருத்தல் இயலாது, எனவே குப்பி உடைகிறது என்பது அவ்விடை. எவ்வளவு ஒழுங்கான தருக்கம்! அக்காலத்தில் நாம் அவையில் அமர்ந்திருந்தால் தலையசைத்திருப்போம். ஆயினும் இரண்டு விடைகளுமே பிழையானவை.

நீர் உறையும்போது சுருங்குவதில்லை. ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. நீரின் மூலக்கூறுகள் உறைநிலையில் ஒன்றையொன்று நெருங்காமல், இடையே வெளி விட்டு அறுகோணப் பின்னலாகக் கைகோத்து நிற்பதே காரணம். குப்பியை உடைப்பது வெற்றிடமன்று, உள்ளிருந்து தள்ளும் பனிக்கட்டி. இந்த விளக்கத்தைச் சிந்தித்துச் சிந்தித்து ஒருவர் அடைந்திருக்க முடியாது. மூலக்கூறு என்ற கருத்து வேண்டும். அதன் வடிவை அறியும் கருவி வேண்டும். ஆனால் இப்னு ஸீனாவின் விடை தவறென்று அறிய அவ்வளவு தேவையில்லை. நீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைந்த காற்றைப் போக்கிவிட்டு உறைய வைத்தால், தெளிந்த பனிக்கட்டி கிடைக்கும். அதுவும் மிதக்கும். இதை நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பார்த்துவிடலாம். விடை நன்றாக இருந்தமையால் சோதனை தேவையற்றதாகத் தோன்றியது. இயல்பறிவால் நேரும் பெரிய தீங்கு இதுதான் என்பது நம் கருத்து. அது தவறு செய்வது பெரிதன்று. தேடலை நிறுத்திவிடுவதே பெரிது.

இக்கடிதங்களில் நாம் அல்பிரூனியின் பக்கம் சாய்வது இயல்பு. அவரும் பனிக்கட்டியின் புதிரை விடுவித்தாரல்லர். ஆனால் உடைந்த குப்பியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கொள்கையை அதனுடன் பொருத்திப் பார்க்கக் கேட்டார். அந்த மனப்பாங்கே அவரைப் பின்னாளில் கிப்லாக் கணக்குக்கும் பூமியின் அளவைக்கும் கொண்டு சென்றது.

அல்பிரூனி (ஹி. 362–440 / கி.பி. 973–1048) தம் 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலை 1025இல் முடித்தார். ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளை எவ்வாறு துணிவது என்று விரிவாக ஆராயும் அந்நூலின் முடிவான நோக்கம், கஸ்னா நகரத்தின் கிப்லாவைச் சரியாகக் காண்பதேயாகும். ஒரு நகரம் தொழும் திசையை அறிய, பூமியின் வடிவத்தையும் அளவையும் அறியவேண்டியிருந்தது. ஹஜ்ரத் கேட்ட 'கணக்கு எதற்கு' என்னும் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நூல் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னோம். அவர் சினக்கவில்லை, நூலின் பெயரை எழுதித் தரச் சொன்னார்.

முத்தாபுதுப்பேட்டையின் மூன்று கோடுகளையும் அந்நூலின் நெறிப்படி ஒருவாறு ஆராயலாம். சூரியன் சரியாக மேற்கில் மறைவது ஆண்டில் இரண்டு நாள்கள் மட்டுமே. சென்னையில் அது ஜூன் இறுதியில் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கேயும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கேயும் விலகி மறைகிறது. ஆகவே 'சூரியன் மறையும் திசை' என்பது ஒரு திசையன்று. 48 பாகை அகலமுள்ள ஒரு வாயில். மாணவர் வரைபடத்தில் இட்ட கோடு காகிதத்தில் நேரானது, பூமி காகிதமன்று. உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டாகும். அவ்வழி சென்னையில் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்து புறப்படுகிறது. 12 பாகையில் புறப்பட்டு நேரே சென்றால் மக்காவை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் விலகிக் கடப்போம். சரியாக மேற்கே முகம் வைத்து நேரே சென்றால் எத்தியோப்பிய மேட்டுநிலத்தை, அதாவது அன்றைய ஹபஷா நாட்டை அடைவோம். தொலைவிலிருப்போர்க்குத் திசை பொதுவாக அமைந்தாலே போதும் என்பது ஹனஃபீ அறிஞர்களின் நிலை. கஃபாவையே குறியாகக் கொள்ள வேண்டும் என்பது ஷாஃபிஈ மரபின் வலுவான கருத்து. ஹஜ்ரத்தின் நாற்பது ஆண்டுத் தொழுகை பற்றி ஈண்டு எவரும் ஐயுறவில்லை. புதிதாகக் கோடு போடும்போது எதைக் கொண்டு போடுவது என்பதே கேள்வி.

பூமியை அளக்க அல்பிரூனி கையாண்ட முறையைப் பலரும் அறிவர். அதற்குமுன் கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்து அறிஞர்கள், துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை பாலைவெளியில் அளந்துகொண்டே நடந்தார்கள். அல்பிரூனியோ, இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டையருகே, பரந்த சமவெளியை நோக்கிய ஒரு குன்றைக் கண்டார். அதன் உயரத்தை ஏறத்தாழ 652 முழம் என்று அளந்தார். உச்சியில் நின்று தொடுவானத்தைப் பார்த்தபோது அது கிடைமட்டத்திலிருந்து 34 கலை தாழ்ந்து தோன்றியது. பாகையின் அறுபதில் ஒன்று கலை. கலையின் அறுபதில் ஒன்று விகலை. இந்த இரண்டு எண்களிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித்துவிட்டார்.

இம்முடிவு இன்றைய அளவோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒத்துப்போகிறது என்று நம்மவர் எழுதும் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறோம். அவ்வளவு துணிவாகச் சொல்வதற்கில்லை. அவர் கையாண்ட முழத்தின் நீளம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதைவிட முதன்மையானது, தொடுவானத்திலிருந்து வரும் ஒளி காற்றினூடே நேர்கோட்டில் வருவதில்லை என்பது. தாழ்வாகச் செறிந்தும் உயரே மெலிந்தும் உள்ள காற்றில் அது சிறிது வளைகிறது. வளைவதால் தொடுவானம் இருப்பதைவிட உயர்ந்து தெரியும். ஆரம் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக மிகைப்படக்கூடும். ஒளி காற்றில் நேராகச் செல்லும் என்பதும் இயல்பறிவே. அல்பிரூனியின் பெருமை விடையின் தசமங்களில் இல்லை. குன்றின் உச்சியில் நின்று தொடுவானத்தைப் பார்த்தவர் எண்ணற்றோர். அது தாழ்ந்திருக்கிறது, அந்தத் தாழ்வுக்கு ஓர் அளவு உண்டு, அவ்வளவுக்குள் பூமியின் அளவு அடங்கியிருக்கிறது என்று கண்டதில்தான் அவர் பெருமை உள்ளது.

நந்தனாவிலிருந்து ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளைக் கடந்தால், இதே வேலை நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய பரங்கிமலையின் அடியில், 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அலுவலர் ஓர் எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளப்பது அவர் நோக்கம். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கம்பெனியின் கையில் வந்த நிலத்தை வரியும் படையும் கருதி அளக்கும் முயற்சியின் ஒரு பகுதி அது என்பதை மறைப்பதற்கில்லை. 1799இல் அந்தப் போரின்போது நடந்ததாக ஒரு செய்தியும் உண்டு. இரவில் படை வழி தவறித் திப்புவின் பாசறைப் பக்கமே சென்றுகொண்டிருந்ததாம். விண்மீன்களைப் பார்த்து லாம்டன் அதைச் சொன்னபோது, விண்மீன்களைக் கேட்காமலே தமக்கு வழி தெரியும் என்று தளபதி பேர்டு மறுத்தாராம். பின்னர்த் திசைகாட்டியும் லாம்டன் சொன்னதையே சொல்லியது.

ஏழரை மைல் சமநிலத்தை அளப்பதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று தோன்றும். சங்கிலியின் நீளம் 100 அடி. ஏறத்தாழ 400 முறை வைத்து எடுக்க வேண்டும். இயல்பறிவு அவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் 100 அடி எஃகு, ஒரு செல்சியஸ் பாகை வெப்பத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீள்கிறது. சென்னையின் ஏப்ரல் மே வெயிலில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இரும்பின் வெப்பம் 20 பாகை மாறினால், 400 முறையில் பிழை ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆகிவிடும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி நிழலிட்டு, வெப்பமானிகளை அருகே வைத்து ஒவ்வொரு முறையும் குறித்தார்கள். வேலை முடிய 57 நாள்கள் ஆயின.

அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணங்கள் எழுந்தன. அவை தெற்கே குமரிவரையும் வடக்கே இமயம் வரையும் நீண்டன. 1808இல் தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள பெரிய கோணமானி கயிறு அறுந்து மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு, ஆறு வாரம் அதைத் தம் கையாலேயே தட்டி நேராக்கினார். 1823இல் அவர் இறந்தபின் பணியை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

இவ்விடத்தில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் வருகிறார். நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லை. ஆற்காட்டைச் சேர்ந்த ஸையித் மீர் முஹ்ஸின் ஹுசைன், சென்னையில் ஒரு நகைக் கடையில் கடிகாரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். நில அளவைத் தலைவராயிருந்த கர்னல் பிளாக்கர் அவர் கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1830இல் கருவி செய்வதற்கென்றே இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ வந்தார். அவரிடம் பணிசெய்த முஹ்ஸின் ஹுசைன், 1839இல் பாரோ நீங்கியபின் அந்தப் பொறுப்பைத் தாங்கினார். ஆயினும் கருவியாளர் என்னும் பதவி 1843இல்தான் அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலக் கல்வி பெறாத இவருடைய திறமையை எவரெஸ்ட் எழுத்திலேயே மனமாரப் பாராட்டியுள்ளார். 1864இல் இவர் காலமானார். ஒரு வட்டத்தின் விளிம்பில் விகலைகளைப் பிரித்தறியும்படி கோடு இழைப்பதற்கு வேண்டியது எத்தகைய அறிவு? அதை இயல்பறிவு என்பதா, கல்வி என்பதா? கையில் குடியேறிய கணிதம் என்று சொல்லத் தோன்றுகிறது. அல்பிரூனி மீதான நம் பெருமிதத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த ஆற்காட்டுக்காரர்க்குத் தந்திருந்தாலும், அவர் அடக்கமான இடமாவது இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.

இத்தகைய கருவிகளால் அளந்தமையால்தான் ஒரு சிறு முரண்பாடு பெரிதாகத் தெரிந்தது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும், இமய அடிவாரத்தை நெருங்கிய கல்யாணாவுக்கும் இடையிலுள்ள அகலாங்கு வேறுபாடு இருவகையாகக் கணிக்கப்பட்டது. முக்கோணங்களின்படி அது 5 பாகை 23 கலை 42.294 விகலை. விண்மீன்களைப் பார்த்துக் கண்டபடி 5 பாகை 23 கலை 37.058 விகலை. வேறுபாடு 5.236 விகலை. நிலத்தில் இது ஏறத்தாழ 160 மீட்டர். அறுநூறு கிலோமீட்டரில் 160 மீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். அளவைகளில் சேர்ந்த சிறு பிழைகளின் தொகுப்பாகவே எவரெஸ்டும் அதைக் கொண்டார்.

கல்கத்தாவின் ஆங்கிலத் திருச்சபையில் ஆர்ச்டீக்கன் பதவி வகித்த ஜான் ஹென்றி பிராட் என்ற கணித வல்லுநர் அதை ஏற்கவில்லை. விண்மீனின் உயரத்தை அளக்க 'நேர் மேல்' எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது நம் மேஸ்திரியின் தூக்குக்குண்டுதான். கல்யாணாவுக்கு வடக்கே இமயம் என்னும் மாபெரும் பொருள்திரள் நிற்கிறது. பொருளைப் பொருள் ஈர்க்குமானால் மலை குண்டைத் தன் பக்கம் இழுக்கும், நூல் சாயும், அகலாங்கு பிழைபடும். இந்த எண்ணம் அவருக்கு முன்னரும் இருந்தது. 1738இல் தென்னமெரிக்காவின் சிம்போராசோ மலையடியில் புகேயும், 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையடியில் மாஸ்கலைனும் நூலின் சாய்வை அளந்திருந்தனர். முத்தாபுதுப்பேட்டை மாணவர் சொன்னதும் இதைத்தான்.

இதுவரை இயல்பறிவு பிராட்டுடன் வந்தது. மலை இழுக்கும் என்பது கண்ணுக்கு முன்னே நிற்கும் காரணம். முரண்பாடும் அந்தத் திசையிலேயே இருக்கிறது. வேறொருவராயின் இதுவே விடை என்று கட்டுரையை முடித்திருப்பார். பிராட் எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிட்டார். மலைத்தொடரையும் அதற்கப்பாலுள்ள மேட்டுநிலத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஈர்ப்பையும் கூட்டினார். கல்யாணாவில் நூல் 27.853 விகலையும், கல்யாண்பூரில் 11.968 விகலையும் சாய வேண்டும் என்று வந்தது. இரண்டுக்கும் இடையே 15.885. கண்டதோ 5.236. மலை இழுக்கிறது, ஆனால் இழுக்க வேண்டியதில் மூன்றிலொரு பங்குதான் இழுக்கிறது. இமயம் வெறும் கூடா என்று கேட்கும் நிலை வந்தது. தம் கொள்கைக்கு ஆதரவாகத் தொடங்கிய கணக்கு தமக்கே எதிராக முடிந்ததை அவர் மறைக்கவில்லை. 1855இல் அதை அப்படியே வெளியிட்டார்.

அதே ஆண்டு அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். பூமியின் மேலோடு, தன்னினும் செறிந்த ஒன்றின் மேல் மிதக்கிறது. நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே உயர்ந்து தெரியும் கட்டையே கீழேயும் ஆழ்ந்திருக்கும். அவ்வாறே உயர்ந்த மலைக்குக் கீழே, செறிவு குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது. செறிந்த பொருள் இருக்க வேண்டிய இடத்தை மென்மையான பாறை பிடித்துக்கொண்டமையால், மலையின் ஈர்ப்பு பெருமளவு ஈடாகிவிடுகிறது. பிராட் 1859இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். மலையின் கீழ் வேர் இல்லை, அங்குள்ள பாறையே செறிவு குறைந்தது என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. இமயத்தின் கீழ் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடித்திருப்பதை நிலநடுக்க அலைகள் காட்டின. சமவெளிகளில் அது பெரும்பாலும் அதில் பாதியே. அல்பிரூனியின் பனிக்கட்டி இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறது. பத்தில் ஒன்பது பங்கை நீருக்குள் மறைத்து மிதக்கும் அது ஏன் மிதக்கிறது என்று கஸ்னாவுக்குப் போகுமுன் அவர் கேட்டார். இமயமும் அவ்வாறே மிதக்கிறது.

இக்கட்டத்தில் ஒரு செய்தியைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. மலைகளை முளைகளாகக் குறிக்கும் இறைவசனத்தை (78:7) எடுத்துக்காட்டி, மலை வேர்களைப் பற்றிய அறிவியல் அங்கேயே முன்னறிவிக்கப்பட்டுவிட்டது என்று எழுதுவது கடந்த நாற்பது ஆண்டுகளாக நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வசனத்தின் மாண்பு ஏரியின் ஒப்புதலை எதிர்பார்த்து நிற்கவில்லை. நம் முன்னோராகிய விரிவுரையாளர் பலர் அதில் பூமியின் நிலைபேற்றையும் படைத்தவனின் அருளையும் கண்டனர். எவரும் அதிலிருந்து 15.885 என்ற எண்ணை எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய நூலும் அதுவன்று. கண்டுபிடிப்பு வெளியான பின் அதை வசனத்தில் காண்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவதை ஒக்கும். நாளை அறிவியல் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டால் அப்போது என் செய்வோம்? இவ்வகைக் கட்டுரைகளைப் படித்து வளரும் நம் பிள்ளைகள், விடைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அளக்க வேண்டியதில்லை என்று எண்ணிவிடுவார்களோ என்பதே நம் அச்சம். கிப்லாவைக் காணவே பூமியை அளக்கப் புறப்பட்ட அல்பிரூனி அப்படி எண்ணவில்லை. இறைவன் ஏவிய திசையை அறியத் தாம் குன்றேற வேண்டும் என்றே எண்ணினார்.

மேஸ்திரிக்கு ஒரு விடை கடன்பட்டிருந்தோம். சென்னையருகே இமயம் இல்லை; அவர் குண்டு விகலைக் கணக்கில் எங்கேனும் விலகினாலும், பத்தடிச் சுவரில் அது தலைமயிரின் தடிப்பைவிடச் சிறியது. இதைச் சொன்னபின் அவர் முகம் தெளிந்தது. அவருடைய குண்டைக் கொண்டே மூன்று கோடுகளின் வழக்கையும் தீர்த்துவிடலாம் என்றோம். ஒவ்வோர் ஆண்டும் மே 27 அல்லது 28ஆம் நாளும், ஜூலை 15 அல்லது 16ஆம் நாளும், மக்காவில் சூரியன் நண்பகலில் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. இந்திய நேரப்படி மே மாதத்தில் அது பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நொடியில் சூரியனைக் காணும் எந்த ஊரிலும், செங்குத்தாகத் தொங்கும் நூலின் நிழல் கிப்லாக் கோட்டின் மேலேயே விழும்; சூரியன் இருக்கும் பக்கம் கிப்லா. வரைபடமும் வேண்டா, கைப்பேசியும் வேண்டா. நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இது இயல்பறிவு போல எளிதாகத் தோன்றும். ஆனால் மக்காவின் அகலாங்கும் சூரியனின் விலக்கமும் தெரியாதவர்க்கு, அந்த நிழல் மற்ற நிழல்களைப் போல் ஒரு நிழலே.

மே 28ஆம் நாள் மீண்டும் கூடினோம். கத்திரி வெயில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கூரையிடாத மேல்தளத்தில் மேஸ்திரி சாரத்தின் குறுக்குக் கம்பில் தூக்குக்குண்டைக் கட்டினார். காற்றில் ஆடாமலிருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டார். இதை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஹஜ்ரத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2.48க்கு அவர் கை உயர்த்தியதும், நூலின் நிழலைத் தரையில் சுண்ணக்கட்டியால் தொடர்ந்தோம். முன்பு போட்ட மூன்று கோடுகளும் அழியாமல் இருந்தன. நிழல் கைப்பேசிக்காரரின் கோட்டை ஒட்டி, விரற்கடை அளவு மட்டும் விலகிக் கிடந்தது. விலகியது கடிகாரத்தாலா, கைப்பேசியாலா, நம் கை நடுக்கத்தாலா என்று மாணவர் ஆராயத் தொடங்கினார். ஜூலை 16 அன்று மறுபடியும் பார்த்துவிடலாம் என்று ஹஜ்ரத் சொன்னார். அதுவரை ஓடு பதிக்க வேண்டாமென்று நண்பர் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ள, கூலி யார் தருவது என்று அவர் வாளியிலிருந்து குண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்.